மாயா என்று இங்கே யாரும் இல்லை

லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனைப் பக்கம் போகிற ரோட்டில் பாதி வழியில் இறங்கி, தேயிலைக்குள்ளே அரை மணி நேரம் ஏறினால் வருவது கிளென்ஃபரோ தோட்டம். இந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் தோட்டத்து ஆட்களே ஒரு நிமிஷம் முழிப்பார்கள். அவர்களுக்கு அது மொட்டைப்பாறை. வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஆபீஸ் போர்டிலும் தேயிலைப் பையிலும்தான் குடியிருக்கிறது. அந்த மொட்டைப்பாறையில், மேல் டிவிஷனில், ஏழாம் நம்பர் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், கடைசிக் காம்பராவில் இருப்பவள் றோசலின். வயது முப்பத்திரண்டு. அம்மா இல்லை. அப்பா லோரன்ஸ், ஸ்டோர் என்கிற தேயிலை ஃபாக்டரியில் முப்பது வருஷம் தேயிலைத் தூசியைச் சுவாசித்துவிட்டு, இப்போது அந்தத் தூசியை இருமித் தீர்த்துக்கொண்டிருப்பவர்.

அவளுடைய தொழிலை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. மென்று முழுங்கிச் சொன்னால் கதைக்குத்தான் கேடு. வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில், வயது வந்தவர்கள் காசு கட்டிப் பார்க்கிற இடத்தில், கேமராவுக்கு முன்னால் உடுப்பைக் குறைத்து ஆடுகிறவள் அவள். யாரும் கட்டிப்போட்டு ஆட வைக்கவில்லை, யாரும் ஏமாற்றிக் கூட்டிப் போகவும் இல்லை. கொழுந்து எடுத்துப் பார்த்தாள். குவைத்தில் நாலு வருஷம் அடுத்தவன் வீட்டுப் பாத்திரம் கழுவிப் பார்த்தாள். கொழும்பில் துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கியும் பார்த்தாள். கடைசியில் அப்பாவோடு வீட்டில் இருந்துகொண்டே செய்யலாம் என்று இதைத் தானே யோசித்து எடுத்துக்கொண்டாள். முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே சுளித்து முடித்துக்கொள்ளலாம், கதை காத்திருக்கும்.

தொழிலைச் சொல்லிக் கொடுத்தவள் டிலுக்ஷி. கொழும்பில் ஒரே போர்டிங்கில் இருந்தவள், இப்போது நீர்கொழும்புப் பக்கம். அவள் பட்டவள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகத்தைக் காட்டிவிட்டாள். ஆறு மாதத்தில் ஒருவன் போர்டிங் வாசலில் வந்து நின்றான். அன்றைக்கு மூட்டையைக் கட்டியவள் நாலு வீடு மாறிவிட்டாள். அதனால் றோசலினுக்கு ஆடச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் ஒளியச் சொல்லிக் கொடுத்தாள்.

"மூஞ்சி, பேரு, ஊரு. இந்த மூணும் உன் வீட்டுக்குள்ளயே இருக்கணும்டி. மத்தது எது போனாலும் திரும்பி வாங்கிக்கலாம்."

றோசலின் சொன்ன சொல் தட்டாத மாணவி. மூக்கு வரைக்கும் மறைக்கிற கறுப்பு லேஸ் முகமூடி வாங்கினாள். பெயர் மாயா. ஊர் கேட்டால் கோவா. அந்தத் தளத்திலேயே இலங்கையிலிருந்து யாரும் தன்னைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்தாள். அதற்கென்று தனி போன், தனி சிம், தனி ஈமெயில். பரிசு அனுப்புகிறேன் என்று யார் கெஞ்சினாலும் வேண்டாம் என்பாள், ஏனென்றால் பரிசு வாங்க முகவரி கொடுக்க வேண்டும். அம்மன் கோயில் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. பின்னறை ஜன்னலுக்குத் தடித்த துணி, சுவருக்கு ஊதா வெல்வெட்.

நேரமும் தோதாக அமைந்தது. அமெரிக்காவில் ராத்திரியாகிற நேரம் மொட்டைப்பாறையில் காலைப் பெரட்டு முடிகிற நேரம். பெயர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிவிட்டால் லயத்தில் ஈ காக்கை இருக்காது. லோரன்ஸும் ஓடைக்கரையில் இருக்கிற தன் மரக்கறிப் பாத்திக்குப் போய்விடுவார். மகள் கம்பியூட்டரில் வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறாள் என்று அவருக்குப் பெருமை. பாத்திக்கு வருகிற பறவைகளிடம்கூடச் சொல்லியிருப்பார்.

எல்லாவற்றையும் மூடியவள் மேலே மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, அதுதான் விஷயம். மலைக் குளிருக்குக் கூரைத் தகரம் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். சொட்டாமலிருக்கத் தகரத்துக்குக் கீழே, தேயிலை அடைக்கிற தடித்த தாள் பைகளைப் பிரித்து ஆணியடித்துவிடுவார்கள். ஸ்டோரில் வேலை பார்த்தவர் வீட்டில் கழித்துப் போட்ட பைக்குப் பஞ்சமா? லோரன்ஸ் பின்னறை கட்டியபோது கூரை முழுக்க அடித்துத் தள்ளினார். ஒவ்வொரு பையிலும் கொட்டை எழுத்தில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர். றோசலின் பிறந்த காம்பராவிலும் அதே பைதான், அவள் தொட்டிலில் படுத்து அண்ணாந்து பார்த்ததும் அதே எழுத்துதான். வெளியூர்க்காரி என்றால் முதல் நாளே கேட்டிருப்பாள், என்னடி மேலே எழுதியிருக்கிறது என்று. லயத்தில் பிறந்தவளுக்கு அது எழுத்தே இல்லை, கூரை.

தை மாதம் புது போன் வாங்கினாள். நல்ல கேமரா, பழையதைவிட அகலமாகப் பிடிக்கும். அகலமாகப் பிடித்தது.

அவளுடைய ஆட்டத்துக்கு வழக்கமாக வருகிறவர்களில் ஸ்டார்லிங் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் இருந்தான். அங்கே வருகிறவர்களில் அவனைப் போல மரியாதையாகப் பேசுகிறவன் கிடையாது. சாப்பிட்டாயா, களைப்பாக இருக்கிறாயா என்றுதான் ஆரம்பிப்பான். கொஞ்ச நாளில் கேள்வி மாறியது. அங்கே மழையா? உன் பக்கத்து வீட்டில் யார்? நேற்று ஏன் வரவில்லை, வேறு யாரோடு பேசினாய்? றோசலினுக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் தேன் ஒழுகப் பேசுகிறவனிடம் முகத்தை முறித்துக்கொள்ள மனசு வரவில்லை. சிரித்து மழுப்பினாள்.

மாசிக் கடைசியில் அவனிடமிருந்து தனிச் செய்தி வந்தது. என் பரிசு கிடைத்ததா என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு படம். அவளுடைய கூரையின் ஒரு மூலையை வெட்டியெடுத்து, நேராகத் திருப்பி, வெளிச்சம் கூட்டியிருந்தான். கிளென்ஃபரோ என்ற எழுத்து அவள் முகத்தில் அறைந்தது. அதற்கும் கீழே, வானத்திலிருந்து எடுத்த தோட்டத்தின் படம், லயத்து வரிசைகள், ஸ்டோர், ஓடை எல்லாம். இவற்றில் எந்தக் கூரை உன்னுடையது என்று கேட்டிருந்தான். சித்திரையில் எனக்கு லீவு, வந்து நானே தேடிக்கொள்கிறேன், அதுவரை என்னைத் தவிர வேறு யாருக்கும் ஆடாதே, ஆடினால் உன் படங்களை அந்த ஊர் முழுக்கக் காட்டுவேன் என்று முடித்திருந்தான்.

பரிசு என்றானே, அப்படியானால் பார்சல் ஒன்று தோட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அதுதான் அவனைவிடப் பெரிய பயமாக இருந்தது. அவன் ஏழு கடல் தாண்டி இருக்கிறான். பார்சல் நாளைக்கே வரலாம். அது பிரிந்து, படம் வெளியே விழுந்து, யாராவது பார்த்து, அப்பாவின் காதுக்குப் போனால்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இந்த லயத்தைத் தவிர அப்பாவுக்கும் அவளுக்கும் போக்கிடம் கிடையாது. அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியதெல்லாம் அந்தக் கடைசிக் காம்பராவில் அப்பாவோடு தலைநிமிர்ந்து இருப்பதுதான். அதைத்தான் அவன் கையில் பிடித்திருந்தான்.

முதலில் எல்லாச் செய்தியையும் அழித்துவிட்டு போனை ஓடையில் எறியத்தான் பார்த்தாள். எறிவதற்கு முன்னால் டிலுக்ஷிக்கு ஒரு வார்த்தை சொன்னாள். நல்ல வேளை, சொன்னாள். டிலுக்ஷி திட்டவில்லை. எத்தனை தடவை சொன்னேன் என்று ஆரம்பிக்கவும் இல்லை. அந்த ஒன்றுக்காகவே றோசலின் ஆயுள் முழுக்க அவளுக்குக் கடமைப்பட்டவள். ஒரு எழுத்தைக்கூட அழிக்காதே, எல்லாவற்றையும் படமெடுத்து வை, பதில் சொல்லாதே, கெஞ்சாதே, தளத்துக்குப் புகார் எழுது, கூரை தெரிகிற வீடியோக்களை எடுத்துவிடு என்று ஒவ்வொன்றாகச் செய்ய வைத்தாள். இரண்டு மணி நேரம் போனை வைக்கவே இல்லை.

பொலிசுக்குப் போவதற்கு இருவருக்கும் பயம். தொழிலைக் கேட்டு அவள் மேலேயே வழக்குப் போட்டுவிட்டால்? ஹட்டனில் பெண்களுக்காக வேலை செய்கிற ஓர் அமைப்பில் வக்கீலம்மா ஒருவர் இருப்பதாக டிலுக்ஷி விசாரித்துச் சொன்னாள். றோசலின் பஸ் ஏறிப் போனாள். தன் தொழில் என்ன என்பதை வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவர் முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைக்கவில்லை, புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. நீங்கள் என்ன வேலை செய்தாலும் மிரட்டுகிறவன்தான் குற்றவாளி என்று சொல்லிவிட்டு, மிரட்டலைப் பற்றி மட்டும் ஒரு முறைப்பாடு எழுதி, அதைத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் பொலிசில் கொடுத்தார். வெளியே வந்த றோசலின் பஸ் ஸ்டாண்டில் பிளேன்டி வாங்கிக் குடித்தாள். மூன்று நாளைக்குப் பிறகு வயிற்றுக்குள் போன முதல் சூடு அது.

ஆனால் டிலுக்ஷி இன்னொன்றும் சொல்லியிருந்தாள், அதைச் செய்யத்தான் அவளுக்குத் துணிவு வரவில்லை.

"தனியா ஒளிய முடியாதுடி. நான் தனியா ஒளிஞ்சுதான் நாலு வீடு மாறினேன். தோட்டத்துல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வை."

யாரிடம் சொல்வது? யோசிக்க யோசிக்க ஒரே ஆளிடம்தான் வந்து நின்றது, அந்த ஆளோ சொல்லவே கூடாத ஆள். அழகுமுத்து. தோட்டத்தின் தப்பால்காரர்.

தோட்டத்தில் தபால் எப்படி வரும் என்று தெரிந்தால்தான் அவளுடைய பயம் புரியும். டவுனில் வீட்டுக்கு நம்பர் உண்டு, தெருவுக்குப் பெயர் உண்டு, தபால்காரர் வாசலுக்கு வருவார். தோட்டத்தில் அதெல்லாம் கிடையாது. ஆயிரம் பேருக்கும் ஒரே முகவரி, தோட்டத்தின் பெயர். தப்பால்காரர் தபால் கந்தோருக்குப் போய்ப் பையை வாங்கி வந்து, மறுநாள் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். யாருக்கு எங்கேயிருந்து என்ன வந்தது என்று மலைக்கே தெரியும். அழகுமுத்துவோ, கூப்பிடுவதோடு நிறுத்துகிற ஆள் இல்லை. பேங்கிலிருந்தா, என்ன கடனா என்று ஒரு வார்த்தை சேர்க்காமல் அவரால் கடிதத்தைக் கையை விட்டு விட முடியாது. தோட்டத்தில் அவருக்கு எஃப்.எம். என்று பட்டப்பெயர். அவரிடம் சொல்வதும் கோயில் ஸ்பீக்கரில் சொல்வதும் ஒன்று.

ஆனால் பார்சல் அவர் கை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

நாலு நாள் தள்ளிப்போட்டாள். ஐந்தாம் நாள் பிற்பகல், அவர் பையோடு திரும்பி வருகிற வளைவில் நின்றாள். அழகுமுத்து குடையைச் சுழற்றிக்கொண்டு வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குடை நின்றது.

பாதிதான் சொன்னாள். ஒன்லைனில் ஒரு வெள்ளைக்காரன் பழக்கமானான், இப்போது தொல்லை பண்ணுகிறான், மாயா என்கிற பெயருக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறானாம், தோட்டத்தின் பெயர் எப்படியோ தெரிந்துவிட்டது, சித்திரையில் வருவேன் என்கிறான். என்ன வேலை, என்ன பழக்கம் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"பார்சல் வந்தா பெரட்டுல கூப்பிட்டுறாதீங்கண்ணே. உங்கள கையெடுத்துக் கும்புடுறேன்."

"அவனுக்கு உன் சொந்தப் பேரு தெரியுமா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"மூஞ்சி?"

"இல்ல."

"அப்ப அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல. நீ வீட்டுக்குப் போ."

அவ்வளவுதான். ஒரு கடிதத்துக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற மனிதர், குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடையைக் கட்டினார். அந்த மௌனம்தான் அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமோ என்று வழியெல்லாம் தன்னையே ஏசிக்கொண்டாள்.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் லயத்துப் பெண் ஒருத்தி ஓடி வந்து, சேதி தெரியுமா என்றாள். போச்சு, எஃப்.எம். ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தாள் றோசலின்.

சேதி இதுதான். வெளிநாட்டிலிருந்து ஒரு கும்பல் கிளம்பியிருக்கிறதாம். தோட்டத்துப் பெண்களின் பெயருக்குப் பார்சல் அனுப்புவார்களாம், இல்லாத பெயருக்கும் அனுப்புவார்களாம். யாராவது வாங்கிவிட்டால் பின்னாலேயே ஆள் வரும், படத்தைக் காட்டி இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கேட்கும். தெரியும் என்று வாயைத் திறந்தால் தீர்ந்தது, அடையாள அட்டை ஐ.சி. நம்பரைப் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரில் கடன் எடுத்துவிடும். ஆகவே யாரும் எதையும் வாங்க வேண்டாம், எந்த வேன் வந்து யாரைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லுங்கள், வேன் நம்பரை எழுதி வையுங்கள். தபால் கந்தோரிலேயே சொன்னார்களாம்.

யாரும் சொல்லவில்லை, எல்லாம் அழகுமுத்துவின் தயாரிப்பு. ஒரு வாரத்தில் அது தானாகவே வளர்ந்தது. உடப்புசல்லாவையில் ஒரு பெண்ணுக்கு வீடே போய்விட்டதாம் என்று ஒருத்தி சேர்த்தாள். வீடில்லை, சிறுநீரகம் என்றாள் இன்னொருத்தி. கீழ் டிவிஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் இரண்டு சாவும் இருந்தது. ஆனால் எத்தனை வாய் மாறியும் அந்தக் கதைக்குள் றோசலின் என்ற பெயர் இல்லை. அவள் வேலை இல்லை, அவள் லயம் இல்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஒரு பொய்யைச் சொல்லி ஒருத்தியைச் சுற்றி வேலி கட்டினால் குடியா முழுகிவிடும்? றோசலின் அன்றைக்கு அடுப்படியில் குந்தி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகிற அழுகையில் சிரிப்பும் வந்தது.

சித்திரைக் கடைசியில், காலை பத்து மணி இருக்கும், அவளுடைய போன் அடித்தது. அழகுமுத்து.

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இரு தங்கச்சி. வந்திருக்கான். போனை வைக்காத, நான் இங்கதான் நிக்கிறேன்."

அவள் பின்னறைக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். போனைக் காதில் வைத்து அழுத்தினாள். அழகுமுத்து ஐந்தாம் நம்பர் மலையின் மேலே ஒரு கல்லில் நின்றுகொண்டு, கிரிக்கெட் மேட்ச் சொல்வதைப் போலச் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளை வேன். டிரைவர் கண்டிப் பக்கத்து சிங்களப் பையன். வெள்ளைக்காரன் முன் சீட்டில். ஐம்பது வயது இருக்கும், வெயிலில் மூக்கு அவித்த உருளைக்கிழங்கு மாதிரி உரிந்திருக்கிறது. றோசலின் பயந்து கிடந்த பூதத்துக்கு அப்போதுதான் ஒரு மூக்கு கிடைத்தது.

வேன் நின்ற இடம் தப்பான இடம், அதாவது அவனுக்குத் தப்பான இடம். அங்கே பூரணி கங்காணியும் அவளுக்குக் கீழே கொழுந்து எடுக்கிற நாற்பது பெண்களும் நின்றார்கள். பூரணியின் வாய்க்குத் தோட்டத்துத் தொரையே ஒதுங்கிப் போவார். டிரைவர் இறங்கி, மாயா என்கிற பெண் எந்த லயத்தில் இருக்கிறாள் என்று சிங்களத்தில் கேட்டான்.

மாயா என்ற பெயரை அவன் சொல்லி வாய் மூடவில்லை. பார்சல்காரன் வந்துட்டான்டி என்று பூரணி போட்ட சத்தம் போன் இல்லாமலே ஏழாம் நம்பர் லயத்துக்குக் கேட்டது.

நாற்பது பேரும் கொழுந்துச் சாக்கோடு இறங்கினார்கள். ஒருத்தி வேன் நம்பரைப் படமெடுத்தாள், ஒருத்தி டிரைவரை எடுத்தாள், வெள்ளைக்காரனைப் பத்துப் பேர் எடுத்தார்கள். கடல் தாண்டி ஒரு பெண்ணின் படத்தை வைத்துக்கொண்டு தேடி வந்தவனை, கண்ணாடிக்கு வெளியே பத்து போன் சுற்றி நின்று படம் பிடித்தது. பூரணி தன் கொழுந்துச் சாக்கை வேனுக்கு முன்னால் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். டிரைவர், நான் ஹயருக்கு வந்தவன் அக்கா, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கும்பிட ஆரம்பித்தான். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வந்தார். பொலிசுக்குப் போன் பண்ணியவரும் அவர்தான்.

பொலிஸ் ஜீப் வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அழகுமுத்து போனை வைக்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதபோது வானம் இருட்டுகிறது, பூரணிக்கு யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்றாவது சொன்னார். றோசலினுக்குப் பயம் விட்டுப்போனது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

பொலிஸ் அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டது. யாரைப் பார்க்க வந்தீர்கள்? சிநேகிதி. முழுப் பெயர்? தெரியாது. எத்தனையாம் நம்பர் லயம், எந்த டிவிஷன், யாருடைய மகள்? தெரியாது, தெரியாது, தெரியாது. படம் இருக்கிறதா என்றார்கள். போனை எடுத்தவன், சுற்றி நின்ற நாற்பது பெண்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். காட்டினால் யாருக்கு அசிங்கம் என்று அந்த நேரத்திலாவது புத்தி வந்ததே. பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்து, இனித் தோட்டத்துக்குள் கால் வைக்கமாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கித்தான் விட்டார்கள். அவள் பெயரைத் தேடி வந்தவன் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்தப் பெயர்தான் வக்கீலம்மாவுக்கு வேண்டியிருந்தது. சித்திரையில் வருவேன் என்று அவன் எழுதிய மிரட்டலும், சித்திரையில் அவன் வந்து நின்ற பதிவும் ஒன்றாகச் சேர்ந்தன. தளம் அவனை வெளியே தள்ளியது. அவனுடைய ஊர்ப் பொலிசுக்கும் ஒரு கடிதம் போனது. அதன் பிறகு அவனிடமிருந்து ஒரு மூச்சும் இல்லை. வக்கீலம்மா போன் பண்ணி இதைச் சொன்னபோது, றோசலினுக்கு நன்றி என்ற வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. அவர் அது ஓயும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

பின்னறைக் கூரைக்கு இப்போது பலகை. எலி வருகிறது என்று அப்பாவிடம் சொன்னாள். நல்ல பையெல்லாம் வீணாப்போச்சு என்று லோரன்ஸ் ஒரு வாரம் முணுமுணுத்தார். மூன்று மாதம் சும்மா இருந்தாள். பிறகு வேறு பெயரில் திரும்பவும் ஆரம்பித்தாள். அது அவள் பாடு, அவள் பிழைப்பு.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு கடமை பாக்கி இருந்தது. தலவாக்கலையில் பட்டர் கேக் வாங்கிக்கொண்டு அழகுமுத்துவின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி உள்ளே தேத்தண்ணி ஊற்றப் போனதும், றோசலின் குரலைத் தாழ்த்தினாள். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்றாள். இத்தனை செய்தவரை ஏமாற்றி வைத்திருக்கிறோமே என்று அவளுக்கு மாதக் கணக்காக உறுத்தல்.

அழகுமுத்து கேக்கை ஒரு வாய் கடித்தார்.

"அந்தப் பார்சல் நீ என்கிட்ட வர்றதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே வந்திருச்சு தங்கச்சி."

றோசலின் உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

வழியில் பெட்டி பிய்ந்து வந்ததாம். கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று பாதி வெளியே தெரிந்ததாம். கந்தோரிலேயே அதைக் கவிழ்த்து வைத்து, டேப் வாங்கிச் சுற்றி, இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டாராம். தோட்டத்து எஃப்.எம்., பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

"படத்துல மூஞ்சி மூடியிருக்குமேண்ணே. நான்தான்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"உன் ஐ.சி. வந்தப்பவே உன் கையிலதான் குடுத்தேன். அப்பலருந்து எத்தனை காயிதம். மூஞ்சிய மூடிட்டா அந்த வளஞ்ச சுண்டுவிரலு எனக்குத் தெரியாமப் போயிருமா?"

"அப்ப நான் வந்து சொன்னப்ப, தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"நீ எவ்வளவு சொல்ல நெனச்சு வந்தியோ, அவ்வளவுதான் நான் கேக்கணும்."

மனைவி தேத்தண்ணியோடு வந்துவிட்டாள். பேச்சு கேக்கின் விலையைப் பற்றி மாறியது. வீட்டுக்கு வந்ததும் றோசலின் டிலுக்ஷியைக் கூப்பிட்டு, மூஞ்சி, பேரு, ஊரு என்று சொன்னாயே, கையை விட்டுவிட்டாயே என்றாள். மறுநாளே முழங்கை வரை வருகிற கறுப்புக் கையுறை ஒன்று வாங்கினாள்.

அழகுமுத்து வீட்டுக்குப் போய் வந்த அன்று மாலைச் செபத்துக்கு மெழுகுதிரி ஏற்றியபோது, இன்றைக்கு யாருக்காக வேண்டிக்கொள்ளணும் என்று லோரன்ஸ் வழக்கம்போலக் கேட்டார். அழகுமுத்து அண்ணனுக்காக என்றாள் அவள். அப்பா இருமலுக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் மாரியம்மன் கோயில்ல காவடி எடுக்கிறவனாச்சே புள்ள. அவனுக்கு நம்ம மாதாகிட்ட என்னா வேண்டுறது?"

"நல்லா இருக்கணும்னு வேண்டிக்கங்கப்பா. நாம இங்க இருக்கிறதே அவராலதான்."

லோரன்ஸ் ஏன் என்று கேட்கவில்லை. அழகுமுத்து என்று பெயரைச் சொல்லி, செபத்தை ஆரம்பித்தார்.